ஆங்கிலம்–ஸ்பானிஷ் இருமொழித் தொடக்கப்பள்ளி: பாடத்திட்டத்தை நிமிடக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் இருமொழிப் பள்ளி தொடங்குகிறவர்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தொலைக்காட்சி, விளையாட்டுத் திடல், கடைத்தெரு, அரசுத் தேர்வு எல்லாமே அதன் பக்கம் நிற்கின்றன. பள்ளி காக்க வேண்டியது ஸ்பானிஷைத்தான். பாடத்திட்டக் குழு முதல் கூட்டத்திலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி எழவே எழாது.

இங்கே சொல்லப்படுவது கிண்டர்கார்டன் (1ஆம் வகுப்புக்கு முந்தைய ஓராண்டு) முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பள்ளிக்கானது. ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, இரண்டு மொழியிலும் பாடங்களையே கற்கும் முறை இது. 1963இல் மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களுக்காகவும் உள்ளூர்க் குடும்பங்களுக்காகவும் சேர்த்துத் தொடங்கப்பட்ட ஏற்பாடுதான் இன்றைய அமெரிக்க இருமொழிப் பள்ளிகளுக்கு முன்னோடி.

முதலில் யார் யார் சேர்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வகுப்பில் எந்த மொழிப் பிரிவும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. போனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது முழுக்க மற்ற மொழிக்குச் சாய்ந்துவிடும். ஆசிரியர் எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது. சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டு மொழி எது’ என்று ஒரே கட்டம் வைத்தால் தவறான எண்ணிக்கை வரும். அம்மா ஸ்பானிஷ், அப்பா ஆங்கிலம், பாட்டி ஸ்பானிஷ் என்றிருக்கும் வீடுகள் ஏராளம். பத்து நிமிட நேர்காணலில் பிள்ளையிடம் இரண்டு மொழியிலும் பேசிப் பார்த்து, இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் கிண்டர்கார்டனும் 1ஆம் வகுப்பும் மட்டும் திறந்து, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கூட்டுங்கள். 1ஆம் வகுப்பு முடிந்த பிறகு ஸ்பானிஷே தெரியாத பிள்ளையைச் சேர்ப்பது கடினம். அதனால் ஊர் மாறிப் போகிறவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கும். ஒரே பிரிவோடு தொடங்கினால் 5ஆம் வகுப்புக்கு வரும்போது வகுப்பு மெலிந்து, செலவைக் காட்டி, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகம் மூடப் பார்க்கும். தலா 24 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளாவது வேண்டும்.

நிமிடக் கணக்கு

இரண்டு பெரிய முறைகள் உண்டு. ஒன்றில் கிண்டர்கார்டனில் 90 விழுக்காடு ஸ்பானிஷ், 10 விழுக்காடு ஆங்கிலம். ஆண்டுதோறும் ஆங்கிலம் கூடிக்கொண்டே வந்து 4 அல்லது 5ஆம் வகுப்பில் இரண்டும் சமமாகும். மற்றதில் தொடக்கத்திலிருந்தே பாதிக்குப் பாதி. ஸ்பானிஷ் ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்றால் முதல் முறையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. ஆசிரியர் தட்டுப்பாடு இருந்தால் பாதிக்குப் பாதியே நடைமுறைக்கு ஒத்துவரும்; ஓர் ஆங்கில ஆசிரியரும் ஒரு ஸ்பானிஷ் ஆசிரியரும் இரண்டு பிரிவுகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் விழுக்காட்டை நிமிடமாக மாற்றி எழுதுங்கள். காலை 8:00 முதல் பிற்பகல் 2:30 வரை பள்ளி என்றால் 390 நிமிடம். மதிய உணவும் இடைவேளையும் 50 நிமிடம் போக, கற்பிக்கும் நேரம் 340. கிண்டர்கார்டனில் பத்து விழுக்காடு என்பது 34 நிமிடம்தான். 2ஆம் வகுப்பில் 80–20 என்றால் ஸ்பானிஷ் 272, ஆங்கிலம் 68. 3ஆம் வகுப்பில் 238, 102. 4ஆம் வகுப்பில் 204, 136. 5ஆம் வகுப்பில் இரண்டும் 170.

பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இசை, ஓவியம், உடற்கல்வி, நூலகம் ஆகியவற்றில். இவற்றை எடுக்கும் ஆசிரியருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அந்த நேரத்தை யாரும் மொழிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதிக்குப் பாதிப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் இப்படி ஆங்கிலத்தில் போய், மீதி 300ஐச் சமமாகப் பிரித்தால் ஸ்பானிஷுக்கு 150 நிமிடம். 340இல் அது 44 விழுக்காடு. உணவுக்கூடமும் ஒலிபெருக்கி அறிவிப்பும் ஆங்கிலம் என்றால் பிள்ளை பள்ளியில் இருக்கும் 390 நிமிடத்தில் 38 விழுக்காடாகச் சுருங்கிவிடும். 90–10 முறையிலோ நாற்பது நிமிட இசை வகுப்பு ஒன்றே அன்றைய ஆங்கிலப் பங்கான 34 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே இந்த வகுப்புகளை முதலில் கணக்கில் எழுதிவிட்டு, மீதியைப் பிரியுங்கள். கிண்டர்கார்டனில் வாரம் முழுமைக்கும் ஆங்கிலப் பங்கு 170 நிமிடம். இரண்டு நாள் இசை அல்லது உடற்கல்வி ஆங்கிலத்தில் நடந்தால் 80 போகும். எஞ்சிய 90 நிமிடத்தை மற்ற மூன்று நாட்களுக்கு 30, 30, 30 என்று ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். மற்ற மூன்று நாள் இசையும் ஓவியமும் ஸ்பானிஷில் நடக்க வேண்டும். அதற்கு ஸ்பானிஷ் தெரிந்த இசை ஆசிரியரைத் தேடுவது, இன்னொரு பாடநூல் தொகுதி வாங்குவதை விடப் பயனுள்ள செலவு.

பாதிக்குப் பாதி முறையில் இன்னொரு கண்ணி உண்டு. காலையில் எப்போதும் ஆங்கிலம், மதிய உணவுக்குப் பின் எப்போதும் ஸ்பானிஷ் என்று வைத்தால், பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரம் ஆங்கிலத்துக்கும் களைத்த நேரம் ஸ்பானிஷுக்கும் போய்ச் சேரும். மாதம் ஒருமுறை வரிசையை மாற்றுங்கள். விழா ஒத்திகை, தீயணைப்புப் பயிற்சி, தேர்வுப் பயிற்சி எந்த மொழி நேரத்தைத் தின்கிறது என்றும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். குறிக்காவிட்டால் அது பெரும்பாலும் ஸ்பானிஷாகவே இருக்கும்.

ஸ்பானிஷ் வாசிப்பை ஸ்பானிஷ் வழியில்

ஆங்கில வாசிப்புத் திட்டத்தை வாங்கி, அதன் மொழிபெயர்ப்பை ஸ்பானிஷ் வகுப்புக்குக் கொடுப்பது மிகப் பெரிய தவறு. இரண்டு மொழிகளின் எழுத்துமுறையும் வெவ்வேறு தர்க்கத்தில் இயங்குகின்றன. ஆங்கிலத்தில் ‘கேட்’, ‘மேட்’, ‘சேட்’ என்ற மூன்றெழுத்துச் சொற்களால் தொடங்கும் முதல் பாடம், ஸ்பானிஷில் ‘எல் காத்தோ சே சென்தோ என் எல் தபேத்தே’ என்று ஆகிவிடும். மூடிய அசைகளும் அழுத்தக் குறியும் கலந்த அந்த வரி ஐந்து வயதுப் பிள்ளைக்கு எளிய வாசகமே இல்லை. ஆங்கிலத்துக்குத் தேவைப்படும் குறில்–நெடில் உயிர்ப் பாடமும், உருவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களின் நீண்ட பட்டியலும் ஸ்பானிஷுக்கு வேண்டியதில்லை.

ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான். எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஏறக்குறைய நேரானது. பிள்ளை அசையைப் பிடித்துக்கொண்டு படிக்கிறது: மா, மே, மீ, மோ, மூ. உயிர்மெய் வரிசையில் படித்து வளர்ந்த தமிழர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் ஐந்து உயிர். அடுத்து மெய்யொலிகள் எம், பி (p), எஸ், எல், டி (t). ஒவ்வொன்றுக்கும் ஐந்து அசை, அவற்றால் உண்டாகும் சொற்கள், இரண்டொரு வாக்கியம். பிறகு அந்த டி-க்கு இணையான மெல்லோசை (d), என், எஃப், பி–வி (b–v). சி, ஜி, ஆர் மூன்றும் பின்னால் வரட்டும். அடுத்து வரும் உயிரையோ சொல்லில் நிற்கும் இடத்தையோ பொறுத்து அவற்றின் ஒலி மாறும். அதன் பின் ‘ச்’, ‘ய்’, ‘ஞ்’ ஒலி தரும் எழுத்துகள், கே–கி (que–qui) எழுதும் முறை, இறுதியாக ‘ப்ர’, ‘த்ர’, ‘ப்ல’ போன்ற கூட்டு அசைகள். 1ஆம் வகுப்பு முடிவில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் நிலைக்குப் பிள்ளை வந்திருக்க வேண்டும். அழுத்தக் குறி 2ஆம் வகுப்பில் தொடங்கட்டும். கடைசி அசையில் அழுத்தினால் அப்பா, முதல் அசையில் அழுத்தினால் உருளைக்கிழங்கு என்று பொருள் மாறும் ஒரு சோடிச் சொல்லோடு தொடங்கினால், அந்தச் சிறு கோடு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எளிதாகப் படிக்க வருவதாலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆங்கில வீட்டுப் பிள்ளை 1ஆம் வகுப்பிலேயே தடங்கலின்றி உரக்கப் படிக்கும், பொருள் ஒரு வரியும் தெரியாமல். படிக்கும் வேகத்தை மட்டும் அளக்கும் சோதனையில் அது முதலிடத்தில் நிற்கும். எனவே ஒவ்வொரு வாசிப்புப் பாடத்துக்கும் முன் 15 நிமிடம் வாய்மொழி வேலை கட்டாயம்: படத்தைப் பார்த்துச் சொல்லுதல், கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லுதல், விடுகதை, நாப்பிறழ்ச் சொற்றொடர், வட்டப் பாட்டு. ஸ்பானிஷில் இவை கொட்டிக் கிடக்கின்றன. மூலத்திலேயே ஓசை இருப்பதால் மொழிபெயர்த்த பாட்டை விட நன்றாக மனத்தில் நிற்கும்.

எழுத்துப்பிழைக்குச் சொல்வதை எழுதுதலை விட நல்ல மருந்து இல்லை. இரண்டு மூன்று வாக்கியம் போதும். திங்கட்கிழமை சொல்லி எழுதவைத்து, உடனே எல்லோருமாகச் சேர்ந்து வேறு நிறப் பென்சிலால் திருத்துங்கள். ஒருவரி விட்டு ஒருவரி எழுதினால் திருத்த இடம் இருக்கும். அதே வாக்கியங்களை வாரத்தில் இன்னும் இரண்டு முறை எழுதவையுங்கள். பிழைகள் வரும் இடம் முன்பே தெரிந்ததுதான்: ஒலிக்காத ஹெச், ஒரே ஒலி தரும் பி–வி, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் ஒன்றாகிவிடும் எஸ், சி, இசட், ஜி–ஜே. கேள்விக்குறியும் வியப்புக்குறியும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழாக வர வேண்டும் என்பதையும், மாதப் பெயர்களும் கிழமைகளும் சிறிய எழுத்தில் தொடங்கும் என்பதையும் இந்தப் பயிற்சியிலேயே பழக்கிவிடலாம்.

முறையான ஆங்கில வாசிப்பை 2ஆம் வகுப்பில் தொடங்குங்கள், ஆனால் அடியிலிருந்து வேண்டாம். எம், பி, எஸ், எல், டி, என், எஃப் ஏற்கெனவே கைவந்தவை. ஐந்து உயிரெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் பன்னிரண்டுக்கு மேற்பட்ட உயிரொலிகள், சொல்லின் இறுதியில் ஒலிக்காத ஈ, நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கும் ‘தி’ ஒலி, ‘ஷ்’, சொல்லின் முதலிலும் இறுதியிலும் அடுக்கி வரும் மெய்கள் ஆகியவற்றுக்கு நேரத்தைக் கொடுங்கள். ஸ்பானிஷில் எஸ்ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் ‘ஸ்கூல்’ என்பதைப் பிள்ளை ‘எஸ்கூல்’ என்றுதான் முதலில் சொல்லும். இது மொழிக்கோளாறு அல்ல. பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் அனுப்பும் முன், ஸ்பானிஷில் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

பாடங்களை எந்த மொழியில் வைப்பது

ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் இருமுறை நடத்தாதீர்கள். இரண்டாம் முறை வரும் என்று தெரிந்ததும், முதல் மொழி புரியாத பிள்ளை கவனிப்பதை நிறுத்திவிடும். ஆசிரியர் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்துச் சொன்னாலும் இதே கதைதான். கருத்தை ஒரு மொழியில் முழுமையாகக் கற்பித்து, அலகின் முடிவில் இரண்டு நாள் இரு மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, அதன் பிறகு மற்ற மொழியில் புதிய வேலை ஒன்றைச் செய்யவைக்க வேண்டும். இந்த ஒப்பீட்டு நாட்களைப் பல பள்ளிகளில் ‘பாலம்’ என்றே அழைக்கிறார்கள்.

3ஆம் வகுப்பு அறிவியலில் உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி வருகிறது. மொனார்க் பட்டாம்பூச்சி இதற்கென்றே பிறந்தது போன்ற பாடம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைக்காடுகளுக்குப் போகிறது. அங்கே சேருவது நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 1, 2 தேதிகளை ஒட்டி. அந்தக் காடுகள் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயின. செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் ஆறு வாரத்தில் அலகும் முடியும், பட்டாம்பூச்சியும் போய்ச் சேரும்.

முதல் நான்கு வாரம் ஸ்பானிஷில்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்ற நான்கு நிலை, எருக்கின் உறவான பால்செடியை மட்டுமே புழு தின்பது, இடம்பெயர்வு. நாளைக்கு ஐந்து கலைச்சொல்லுக்கு மேல் வேண்டாம். ‘முதலில் …, பிறகு …, கடைசியில் …’ என்ற வாக்கியச் சட்டத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். சொற்பட்டியலை விட இதுவே பிள்ளையைப் பேசவைக்கும். ஐந்தாம் வாரத்தில் இரண்டு நாள் பாலம்: ‘மெத்தமோர்ஃபோசிஸ்’, ‘மிக்ரசியோன்’ போன்ற சொற்களுக்கு ஆங்கில இணை எவ்வளவு நெருக்கம், ஸ்பானிஷில் ‘-சியோன்’ என்று முடிவது ஆங்கிலத்தில் எப்படி முடிகிறது, ஸ்பானிஷில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் அடை ஆங்கிலத்தில் ஏன் முன்னால் வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து அட்டவணை ஆக்கட்டும். ஸ்பானிஷுக்கு ஒரு நிறம், ஆங்கிலத்துக்கு ஒரு நிறம். பள்ளி முழுக்க அதே நிறங்கள். எஞ்சிய நாட்களில் ஆங்கிலத்தில் வரைபடம் வாசித்தல், மூன்று நாடுகளின் புவியியல், கிலோமீட்டரை மைலாக மாற்றும் கணக்கு, பள்ளித் தோட்டத்தில் பால்செடி நட அனுமதி கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம். வாழ்க்கைச் சுழற்சியை மறுபடி ஆங்கிலத்தில் நடத்த வேண்டியதே இல்லை; பிள்ளைக்கு அது தெரியும், பெயர்கள்தான் புதிது.

கணக்கை எந்த மொழியில் வைப்பது என்பதில்தான் பெற்றோர் கூட்டம் சூடாகும். அரசுத் தேர்வை நினைத்துக் கணக்கை நிரந்தரமாக ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்பானிஷ் கதைக்கும் பண்டிகைக்குமான மொழி என்று பிள்ளைகளே முடிவுகட்டிவிடுவார்கள். கிண்டர்கார்டன் முதல் 2 வரை ஸ்பானிஷில், 3, 4ஆம் வகுப்புகளில் அலகுக்கு அலகு மாற்றி, 5இல் ஆங்கிலத்தில் என்று வைப்பது நியாயமான ஏற்பாடு.

ஸ்பானிஷ் கணக்குப் புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று பார்த்து வாங்குங்கள். மெக்சிகோவில் தசமத்துக்குப் புள்ளி. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் காற்புள்ளி, அதாவது மூன்றரை என்பது 3,5. ஸ்பானிஷ் ‘பில்யோன்’ என்பது இலட்சம் கோடி. அமெரிக்க ‘பில்லியன்’ நூறு கோடிதான், ஸ்பானிஷில் அதை ‘மில் மில்யோனெஸ்’ என்று சொல்ல வேண்டும். மக்கள்தொகைப் பாடத்தில் இந்தப் பிழை சத்தமில்லாமல் நுழைந்துவிடும். நீள் வகுத்தலை எழுதிக்காட்டும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த முறையில் பிள்ளை செய்தால், விடை சரியாக இருக்கும்வரை மதிப்பெண் போடுங்கள்.

யாருடைய ஸ்பானிஷ்

ஒரே பள்ளியில் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கொலம்பியா, ஸ்பெயின் ஆகிய இடங்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் இருப்பார்கள். உறிஞ்சுகுழலுக்கு மெக்சிகோவில் ‘பொபோத்தே’, கொலம்பியாவில் ‘பித்தியோ’, ஸ்பெயினில் ‘பஹீத்தா’. அன்றாடச் சொல்லில் எல்லாமே சரி. பிள்ளை வீட்டுச் சொல்லைச் சொன்னால் திருத்தக் கூடாது. திருத்தினால் வீட்டு மொழி மட்டம் என்ற எண்ணம் ஊன்றிவிடும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பாடக் கலைச்சொற்களுக்கு மட்டும் வகுப்பு வாரியாக ஒரே பட்டியல் வைத்து எல்லா ஆசிரியரும் அதைப் பின்பற்றுங்கள்.

நூலகத்தின் ஸ்பானிஷ் அலமாரியில் பாதியாவது ஸ்பானிஷிலேயே எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட படைப்பாளிகளுக்கு 1996 முதல் வழங்கப்படும் புரா பெல்ப்ரே விருதுப் பட்டியல் நூல் தேர்வுக்கு நல்ல தொடக்கம். அவற்றில் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால் எந்த மொழி என்று பார்த்து எடுங்கள்.

மதிப்பீடு

ஒரே மொழியில் சோதித்தால் இருமொழிப் பிள்ளை எப்போதும் குறைவாகவே தெரியும். வாசிப்பையும் எழுத்தையும் ஆண்டுக்கு மூன்று முறை இரண்டு மொழியிலும் சோதித்து, முடிவுகளை ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். ஸ்பானிஷில் கதையின் கருத்தைப் பிடித்துச் சொல்லும் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் தேவை சொற்களஞ்சியம். இரண்டிலும் தடுமாறினால் வேறு உதவி தேடுங்கள். டெக்சாஸில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை மாநிலத் தேர்வை ஸ்பானிஷில் எழுதவும் வழி இருக்கிறது.

90–10 பள்ளியில் 3ஆம் வகுப்பின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் பக்கத்துப் பள்ளியை விடத் தாழ்ந்திருக்கக்கூடும். இதைப் பெற்றோரிடம் சேர்க்கையின்போதே சொல்லுங்கள், மதிப்பெண் வந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஒரேகன் மாநிலப் போர்ட்லண்ட் பள்ளிகளில், குலுக்கலில் இருமொழி வகுப்பு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டது. கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பில் 5ஆம் வகுப்பில் சுமார் 7 மாதப் படிப்பும், 8ஆம் வகுப்பில் சுமார் 9 மாதப் படிப்பும் முன்னால் இருந்தார்கள். பதற்றத்தில் 3ஆம் வகுப்பில் ஸ்பானிஷ் நேரத்தை வெட்டி ஆங்கிலப் பயிற்சிக்குக் கொடுக்கும் பள்ளி, பலன் வரும் முன்பே மரத்தை வெட்டுகிறது.

5ஆம் வகுப்புக்குப் பிறகு என்ன என்பதைப் பள்ளி திறக்கும் முன்பே மாவட்டத்தோடு எழுத்தில் பேசி முடியுங்கள். 6 முதல் 8 வரை ஸ்பானிஷ் மொழிப்பாடம் ஒரு பாடவேளை, அதோடு வரலாறோ அறிவியலோ ஸ்பானிஷில் இன்னொரு பாடவேளை. குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். ஆறாண்டு ஸ்பானிஷில் படித்த பிள்ளையைத் தொடக்கநிலை வெளிநாட்டு மொழி வகுப்பில் உட்காரவைத்து வணக்கம் சொல்லப் பழக்குவது கண்ணெதிரே நடக்கும் அநியாயம். உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலை ஸ்பானிஷ் பாடங்களும், இரண்டு மொழியிலும் தேர்ச்சி பெற்று முடிக்கும் மாணவருக்குத் தரப்படும், கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கிய இருமொழி எழுத்தறிவு முத்திரையும் காத்திருக்கின்றன. அந்த முத்திரைக்கான தகுதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநில விதியை எடுத்துவைத்துக்கொண்டு, 12ஆம் வகுப்பிலிருந்து பின்னோக்கி வகுப்பு வகுப்பாக எழுதிக்கொண்டே வாருங்கள். நடுநிலைப் பள்ளியில் எந்தப் பாடவேளை விடுபட்டிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.